நெல்லில் பதியும் முதல் எழுத்து

விஜயதசமித் திருநாளன்று, திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில், கலைமகள் தனிக்கோயில் கொண்டு அருளும் திருத்தலத்தில், விடியற்காலை முதலே மழலையர் கூட்டம் நிரம்பியிருக்கும். இரண்டாம் இராசராச சோழன் புலவர் ஒட்டக்கூத்தருக்கு அளித்த ஊர் ஆதலின் கூத்தனூர் எனப் பெயர் பெற்றது என்பது வழிவழிச் செய்தி. பட்டுப் பாவாடையும் சிறு வேட்டியும் உடுத்திய குழந்தைகள் பெரியவர்களின் மடியில் அமர்ந்திருப்பர். எதிரே தாம்பாளத்தில் நெல் பரப்பியிருக்கும். தந்தையோ தாத்தாவோ அந்தப் பிஞ்சு விரலைப் பற்றி, நெல்லின்மீது முதல் எழுத்தை எழுதுவிப்பார். சில குழந்தைகள் சிரிக்கும், சில அழும், சில, எழுதிய கையோடு நெல்லை அள்ளி இறைத்துவிடும். அதற்காக அங்கே எவரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதே குழந்தை மழலையர் பள்ளியில் சேர்ந்த பின்னர்க் காட்சி மாறிவிடுகிறது. பள்ளி விட்டு வந்ததும் பையைத் திறந்து பார்க்கிறார்கள். “இன்று என்ன எழுதினாய்?” என்பதே முதல் கேள்வி. ஏட்டில் புதிய பக்கம் எதுவும் இல்லையென்றால் வீட்டில் கவலை சூழ்கிறது. “இவ்வளவு கட்டணம் கட்டியும் விளையாடவிட்டுத்தானே அனுப்புகிறார்கள்!” என்ற குறை எழுகிறது. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வரவு பதிவாகிவிட்டதா என்று பார்ப்பதுபோலக் குழந்தையின் ஏடு நாள்தோறும் சரிபார்க்கப்படுகிறது. மூன்றரை வயதுக் குழந்தை ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதி, விரல் வலித்து அழும் வீடுகளும் உண்டு.

மழலையர் பள்ளியில் ஒரு குழந்தை உண்மையில் எவற்றைக் கற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர், விஜயதசமிச் சடங்கையே சற்று உற்று நோக்கினால் போதும். அங்கே எழுதுகோல் இல்லை, விரல் இருக்கிறது. தேர்வு இல்லை, பற்றிக்கொள்ளும் ஒரு கை இருக்கிறது. எழுதிய எழுத்தைக் காட்டி மதிப்பெண் கேட்கவும் வழியில்லை. தாம்பாளத்தைச் சற்று அசைத்தால் எழுத்து கலைந்துவிடும்.

விரல் முன்னே, எழுதுகோல் பின்னே

பழைய திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே ஓலையையும் எழுத்தாணியையும் தொட்டனர். இந்த எளிய முறை கடல் கடந்தும் சென்றது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797-இல் தம் அனுபவங்களை அவர் லண்டனில் நூலாக வெளியிட்டார். கற்ற மாணவன் மற்ற மாணவனுக்குக் கற்பிப்பதும் மணலில் எழுதுவதும் சேர்ந்த அந்த முறை, ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையிலும் எழுத்து முதலில் விரலுக்குத்தான் அறிமுகமாகிறது. பலகையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியிருப்பர். குழந்தை அதன் சொரசொரப்பை விரலால் தடவியபடியே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்லும். கண், செவி, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் அந்த எழுத்தை அறிந்துகொள்கின்றன.

இதற்கு உடற்கூற்றிலும் காரணம் உண்டு. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. மூன்று, நான்கு வயதில் அவற்றில் ஏறத்தாழப் பாதியே அந்நிலையை எட்டத் தொடங்கியிருக்கும். அத்தகைய கை நீண்ட நேரம் எழுதுகோலைப் பிடித்துப் பக்கத்தை நிரப்புவது கடினம். அந்தக் கைக்கு வேறு வேலைகள் தேவை. மாவு பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்தல், களிமண் உருட்டல் ஆகியவற்றை மழலையர் பள்ளியில் செய்விப்பது இதற்காகத்தான். பிள்ளையாருக்கு அருகம்புல்லை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் குழந்தையும், பஞ்சைத் திரித்து விளக்குத் திரி ஆக்கும் குழந்தையும், கொழுக்கட்டை மாவை உருட்டும் குழந்தையும் எழுதுவதற்கு வேண்டிய விரல் வலிமையைப் பெற்றுக்கொண்டிருக்கின்றன.

ஒரு தட்டு நவதானியம்

பெரியவர்களுக்குத் தமிழ் வேறு, கணக்கு வேறு, அறிவியல் வேறு. மணி அடித்தால் ஒரு பாடம் முடிந்து மற்றொன்று தொடங்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஜெர்மனியில் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளஞ்சிறாருக்கான பள்ளியைத் தொடங்கிய பிரெடரிக் புரோபெல், 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயரிட்டார். வண்ணநூல் பந்து, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவற்றையே அவர் குழந்தைகளின் கையில் கொடுத்தார். பாடநூலின் இடத்தை விளையாட்டுப் பொருள்கள் பிடித்துக்கொண்டன.

நம் வீடுகளுக்கு நெருக்கமான ஒரு பொருளைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். நவராத்திரியை ஒட்டி மழலையர் வகுப்பொன்றில் ஆசிரியை ஒரு தட்டில் நவதானியங்களைக் கலந்து வைக்கிறார் என்று கொள்வோம். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்னும் ஒன்பதையும் தனித்தனிக் கிண்ணங்களில் பிரித்து இடுவதே குழந்தைகளுக்கான வேலை. பார்ப்பவருக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும்.

ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுச் சொல்லும்போது குழந்தையின் சொல்வளம் பெருகுகிறது. நிறத்தாலும் வடிவத்தாலும் அளவாலும் பிரிக்கும்போது கணிதத்தின் அடிப்படையான வகைப்படுத்தல் கைவருகிறது. எள்ளை எடுக்க இரு விரல் நுனிகள் கூடவேண்டும். அது எழுதுகோலைப் பிடிக்கும் பயிற்சி. கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, மறுநாள் காலையில் அது இருமடங்காகப் பருத்திருப்பதைக் காணும்போது “தண்ணீர் எங்கே போயிற்று?” என்ற கேள்வி பிறக்கிறது. அறிவியல் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது. ஈரத் துணியில் முடிந்து வைத்த பயறு முளை விடுவதைக் காண இரண்டு நாள் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பும் ஒரு பாடம். எஞ்சிய தானியத்தை அட்டையில் ஒட்டி மயில் செய்தால் கலை. பக்கத்தில் இருக்கும் தோழிக்கும் கிண்ணத்தை நகர்த்தி வைத்தால் பண்பு. அன்று ஏட்டில் ஒரு வரிகூட எழுதப்பட்டிராது. ஆயினும் அந்த ஒரு தட்டில் எல்லாப் பாடங்களும் நடந்து முடிந்துவிட்டன.

வீட்டில் இதைச் செய்விக்கும்போது பெரியவர் ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும். சிறு தானியங்களை மூக்கிலும் காதிலும் இட்டுக்கொள்வது இந்த வயதின் இயல்பு.

எண் சொல்வதும் எண்ணுவதும்

நான்கு வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். விருந்தினர் மகிழ்ந்து கைதட்டுவர். அதே குழந்தையிடம், “கூடையிலிருந்து ஏழு செம்பருத்தி எடுத்து வா” என்றால் கை நிறைய அள்ளி வந்து நிற்கும். எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது பாட்டை ஒப்பிப்பது போன்றது. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்று உணர்வதும் அதனினும் கடினமானவை.

சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே கண்டறிந்த ஓர் உண்மை இங்கே நினைக்கத்தக்கது. சமமான எண்ணிக்கையில் நாணயங்களை இரு வரிசைகளாக வைத்து, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வைத்தால், ‘அந்த வரிசையில்தான் அதிகம்’ என்று இவ்வயதுக் குழந்தைகள் பலர் கூறுவர். அது அறிவுக்குறை அன்று. வளர்ச்சியின் ஒரு படி. பலமுறை கையால் எடுத்து, வைத்து, கலைத்து, மீண்டும் எண்ணிப் பார்த்த பிறகே அந்தப் படியைக் குழந்தை கடக்கும்.

நவக்கிரக சந்நிதியை ஒன்பது முறை வலம் வரும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. குழந்தையின் கையில் ஒன்பது பூக்களைக் கொடுத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு பூவைத் தட்டில் இடச் சொல்லலாம். கையில் பூ தீர்ந்தால் வலம் நிறைவு. “இன்னும் எத்தனை சுற்று?” என்று நடுவில் கேட்டால், குழந்தை தன் கையிலிருக்கும் பூக்களைப் பார்த்து விடை சொல்லும். கூட்டலும் கழித்தலும் அதற்குத் தெரியாமலே அங்கே நிகழ்ந்துவிடுகின்றன. கொலுப்படிகளை ஏறுவரிசையில் எண்ணுவதும், கோலத்தில் புள்ளிகளை வரிசையாக வைப்பதும் இவ்வகையே.

செவிவழியே வரும் மொழி

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழெழுத்துகள் 247. எண்ணிக்கையைக் கண்டு மலைக்கும் பெற்றோர், எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று எண்ணுகின்றனர். ஆனால் எழுத்து என்பது ஒலியின் வடிவம். ஒலியைப் பிரித்தறியாத செவிக்கு அந்த வடிவத்தால் பயன் இல்லை. கந்தன், கண்ணன் என்ற இரண்டு பெயர்களும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று ஒரு குழந்தை தானாகக் கண்டு சொல்லும் நாளில் அதன் செவி எழுத்துக்கு ஆயத்தமாகிவிட்டது. பாட்டும் விடுகதையும் கைதட்டிச் சொல்லும் சொல் விளையாட்டும் மழலையர் வகுப்பில் நிறைந்திருப்பதன் காரணம் இதுவே. ஒலிகளைச் சரியாகச் சொல்லாத குழந்தை, அழைத்தால் திரும்பாத குழந்தை ஆகியோரை ஆசிரியை அடையாளம் கண்டு, செவித்திறனைச் சோதிக்கும்படி சொல்வதற்கும் இத்தகைய விளையாட்டுகள் உதவுகின்றன.

கதைக்கு இணையான மொழிப்பாடம் இல்லை. ஞானப்பழத்தின் கதையை ஒருமுறை கேட்ட குழந்தையை, “முதலில் என்ன நடந்தது? பிறகு?” என்று கேட்டுத் திரும்பச் சொல்ல வைத்தால், நிகழ்வுகளைக் கோவையாக அடுக்கும் திறன் வளர்கிறது. “முருகன் ஏன் கோபித்துக்கொண்டான்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மயிலேறி உலகைச் சுற்றி வந்தவனுக்குப் பழம் இல்லையே என்று ஒரு குழந்தை வருந்தும். அம்மையப்பனே உலகம் என்றவன் கெட்டிக்காரன் என்று மற்றொரு குழந்தை வாதிடும். பழத்தைப் பாதியாக வெட்டியிருக்கலாமே என்று மூன்றாவது குழந்தை சொல்லும். கோபம், ஏக்கம், பொறாமை என்று தன் மனத்தில் எழுவனவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த குழந்தை, அடுத்தவரை அடிப்பதற்கு முன் வாய் திறந்து பேசும்.

கூடியிருத்தலும் ஒரு பாடமே

வீட்டில் குழந்தை கேட்டது உடனே கிடைக்கும். வகுப்பில் ஊஞ்சல் ஒன்று, பிள்ளைகள் இருபது பேர். தன் முறை வரும்வரை நிற்பது, விழுந்தவனைத் தூக்கிவிடுவது, தான் இடித்துத் தள்ளியதற்கு வருந்துவது, உணவு டப்பாவைத் தானே திறந்து மூடுவது, கைகழுவுவது, செருப்பை வரிசையாக விடுவது ஆகியன பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. இவை இல்லாத குழந்தைக்கு முதல் வகுப்பில் எழுத்தும் எண்ணும் சுமையாகும்.

கோயிலும் இதற்கு நல்ல பயிற்சிக்களம். வரிசையில் நிற்பது, பிரசாதத்தை இருகையேந்திப் பெறுவது, பெற்றதைப் பகிர்ந்து உண்பது ஆகியவற்றைக் குழந்தை பெரியவர்களைப் பார்த்தே கற்கிறது. வரிசையை விலக்கிக்கொண்டு முன்னே செல்லும் பெரியவரிடமிருந்தும் அது கற்கிறது என்பதை மறத்தலாகாது.

உபநிடதம் காட்டும் ஆசிரியர்

தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே அடித்தளப் பருவமாக வகுத்தது. மூளையின் வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று அக்கொள்கை சுட்டுகிறது. அதனைத் தொடர்ந்து 2022-இல் வெளியான இப்பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டம், குழந்தையின் முழு வளர்ச்சியை விளக்கத் தைத்திரீய உபநிடதத்தின் பஞ்சகோசத் தத்துவத்தை எடுத்துக்கொண்டிருப்பது ஆன்மிக அன்பர்கள் அறியத்தக்கது. அன்னமயம் உடலையும், பிராணமயம் உயிராற்றலையும், மனோமயம் உணர்வையும், விஞ்ஞானமயம் அறிவையும், ஆனந்தமயம் உள்ளத்து மகிழ்ச்சியையும் குறிக்கும். ஐந்தும் சேர்ந்தே வளரவேண்டும். அன்னத்தையும் ஆனந்தத்தையும் விட்டுவிட்டு அறிவை மட்டும் ஊட்டிவிட முடியாது.

அதே உபநிடதத்தில் பிருகுவின் வரலாறு வருகிறது. பிரம்மத்தைப் பற்றித் தமக்கு உபதேசிக்குமாறு தந்தை வருணனிடம் பிருகு வேண்டுகிறார். எதிலிருந்து உயிர்கள் தோன்றி, எதனால் வாழ்ந்து, எதில் ஒடுங்குகின்றனவோ அதைத் தவத்தால் அறிவாயாக என்று வழியை மட்டும் காட்டுகிறார் தந்தை. அன்னமே பிரம்மம் என்று அறிந்து பிருகு திரும்பி வருகிறார். ‘தவறு’ என்று தந்தை கடிந்துகொள்ளவில்லை. மீண்டும் தவம் செய் என்கிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாக ஏறி, ஆனந்தமே பிரம்மம் என்ற தெளிவை மகன் தானே அடைகிறார். விடையைத் தெரிந்து வைத்திருந்தும் மகன் கண்டடையும்வரை பொறுத்திருந்த அந்தத் தந்தையே மழலையர் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் முன்மாதிரி.

குஜராத்தின் பாவ்நகரில், தட்சிணாமூர்த்தியின் திருப்பெயர் தாங்கிய கல்வி நிறுவனத்தில், 1920-இல் இளஞ்சிறாருக்கான ‘பால மந்திர்’ தொடங்கிய கிஜுபாய் பதேகா இந்த வழியில் நடந்தவர். வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைகளிடம் வந்த அவரை மக்கள் ‘மீசை வைத்த தாய்’ என்று அன்போடு அழைத்தனர். அடியும் அச்சமும் இல்லாத பள்ளியில் கதையும் ஆட்டமும் பாட்டும் கொண்டே அவர் கற்பித்தார். ‘மந்திர்’ என்றால் கோயில்.

பெற்றோர் செய்யக்கூடியவை

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழியைச் சொல்லிக் குழந்தையை நெருக்குவோர் உண்டு. இளங்கொம்பை வளைக்கத் தெரிந்த தோட்டக்காரர் அதை மெதுவாக, சிறிது சிறிதாகவே வளைப்பார். விசையோடு இழுத்தால் கொம்பு முறியும். மூன்று வயதில் எழுத்தைக் கண்டு அஞ்சிய குழந்தைக்கு, ஏழு வயதில் புத்தகத்தின்மீது விருப்பம் உண்டாக்குவது எளிதன்று. இழப்பு ஏட்டில் தெரியாது. பள்ளிக்குக் கிளம்பும்போது வரும் வயிற்றுவலியில் தெரியும்.

எழுத்தே வேண்டா என்பது இதன் பொருளன்று. யூ.கே.ஜி. முடிவதற்குள் பல குழந்தைகள் தம் பெயரை எழுதவும், பழகிய சொற்களை அடையாளம் காணவும், பத்துப் பொருள்களைச் சரியாக எண்ணவும் கற்றுவிடுகின்றன. சிலவற்றுக்குச் சில மாதங்கள் கூடுதலாகத் தேவைப்படும். ஒரே நாளில் ஊன்றிய விதைகளும் ஒரே நாளில் முளைப்பதில்லை.

“என்ன எழுதினாய்?” என்று கேட்பதற்கு மாற்றாக, “இன்று யாரோடு விளையாடினாய்? எந்தக் கதை கேட்டாய்? எதைப் பார்த்து வியந்தாய்?” என்று கேட்கலாம். ஆசிரியையைச் சந்திக்கும்போது, ‘என் குழந்தை மற்றவர்களோடு பேசுகிறதா? கேள்வி கேட்கிறதா? தொடங்கிய வேலையை முடிக்க முயல்கிறதா?’ என்று விசாரிக்கலாம். கோயிலுக்குச் செல்லும்போது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, வில்வத்தின் ஒரு காம்பில் எத்தனை இலைகள், எந்தத் தெய்வத்துக்கு எது வாகனம், மணி ஓய்ந்த பின்னும் ஒலி எவ்வளவு நேரம் கேட்கிறது என்று உடன் சேர்ந்து கவனிக்கலாம். இவற்றுக்குக் கட்டணம் இல்லை, பொறுமை வேண்டும்.

இன்று மாலை விளக்கேற்றும் முன், பஞ்சைக் குழந்தையின் கையில் கொடுத்துத் திரி திரிக்கச் சொல்லலாம். முதல் திரி கோணலாகத்தான் இருக்கும். அந்தத் திரியையே விளக்கில் இட்டு ஏற்றுங்கள்.